அடுத்த வருசம் காய்க்கும்

சௌந்திரம் புருசன் வீட்டை விட்டு வந்த அன்று அவரைக் கொடி ஒரு சாண் உயரம்தான் இருந்தது. ஆடியில் ஊன்றிய விதை. ஆவணி நடுவில் அவள் கிளம்பும்போது குழிக்கு இரண்டு கொடிகள் தலை நீட்டி, பற்றிக்கொள்ள எதையாவது தேடிக்கொண்டிருந்தன. தகரப் பெட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டவள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பப் புழக்கடைக்குப் போனாள். ஒவ்வொரு கொடியாகத் தூக்கி, குழியில் ஊன்றியிருந்த சோளத்தட்டில் சுற்றிவிட்டு வந்தாள். அதற்குள் சங்ககிரி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ரோட்டோரம் நின்றாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் வேலுமணி வந்து கூப்பிட்டிருக்கலாம். தோட்டத்து வீட்டுக்கும் ரோட்டுக்கும் கூப்பிடு தூரம்தான்.

எடப்பாடியில் அவளுடைய அண்ணன் சென்னிமலை இரண்டு விசைத்தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டின் முன்பாதி தறிக்கு, பின்பாதி குடும்பத்துக்கு. தறி ஓடும்போது எதுவும் பேச வேண்டுமானால் கத்திப் பேச வேண்டும். சௌந்திரத்துக்கு அது சௌகரியமாக இருந்தது. அவளிடம் கேட்க வேண்டியிருந்த கேள்விகள் கத்திக் கேட்கக்கூடியவை அல்ல. அண்ணன் மனைவி கண்ணாத்தாளை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். மூன்றாம் நாள் காலை நங்கை அவளைப் பின்கதவுக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். கதவுக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண் கிடந்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அதை ஒட்டி ஓடிச் சாக்கடையில் விழுந்தது.

“தண்ணி சும்மாதான போகுது. என்னமாச்சும் நட்டு உடு சௌந்திரம். உன்ற கைக்கு நல்லா வரும்.”

“நான் இங்கியேவா இருக்கப் போறனுங்க நங்கை? நாலு நாள்ல போயிருவேன்.”

கண்ணாத்தாள் கையிலிருந்த குண்டாவைத் துடைத்த இடத்திலேயே மறுபடியும் துடைத்தாள்.

ஏழு வருசத்துக்கு முன் சௌந்திரம் கல்யாணமாகிப் போனபோது அந்தத் தோட்டத்து வீட்டின் புழக்கடையும் இப்படித்தான் இருந்தது. மாமியார் காளியாத்தாள் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு பள்ளத்தில் தேங்கிக் கோரை முளைத்துக் கிடந்தது. வேலுமணிக்கு நாலு ஏக்கர் பூமி. கரும்பும் கடலையும் அவன் கையில் நன்றாக விளைந்தன. வீட்டுக்குக் கத்தரிக்காய் மட்டும் சந்தையிலிருந்து வந்தது. சௌந்திரம் அந்தத் தேங்கிய தண்ணீரைக் களைக்கொத்தால் கீறி நடத்தினாள். முதலில் வாழை, அங்கிருந்து கத்தரிப் பாத்தி, பிறகு மிளகாய், அப்புறம் அவரைப் பந்தல், வாய்க்கால் முடிகிற மூலையில் ஓர் எலுமிச்சங் கன்று.

பந்தியில் ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துப் பரிமாறுகிற மாதிரி அவள் செடிகளுக்குச் சாப்பாடு வைத்தாள். மிளகாய்க்குப் புளித்த மோர். கத்தரிக்குப் புண்ணாக்குத் தண்ணீர், அதுவும் எட்டு நாளைக்கு ஒரு தடவை. அவரையில் அசுவினிப் பூச்சி தெரிந்தால் பனி காயும் முன் அடுப்புச் சாம்பல். அரிசி கழுவிய தண்ணீரில் வாழைக்குப் பாதி, எலுமிச்சைக்குப் பாதி.

“செடிக்கெல்லாம் வெச்சு மிஞ்சுனாத்தான் எனக்குச் சோறாட்ட இருக்குது” என்பான் வேலுமணி.

“உங்களுக்கு வெச்சது மிஞ்சுனாத்தானுங்க செடிக்கு. மோர மிச்சம் வெக்காமக் குடிச்சீங்கன்னா மொளகா பட்டினிதான்.”

மூன்றாம் வருசம் முருங்கை பூத்துப் பூத்து உதிர்ந்தது. பிஞ்சு ஒன்றுகூட நிற்கவில்லை. காய்க்காத மரத்துக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கோடாலியோடு போய் மரத்துக்கு முன்னால் நின்று, உன்னை வெட்டத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லி ஓங்க வேண்டும். இன்னொருவர் ஓடி வந்து தடுத்து, விட்டுவிடுங்கள், அடுத்த வருசம் காய்க்கும், நான் பொறுப்பு என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். மரம் பயந்து காய்க்கும். ஒரே ஆள் செய்தால் பலிக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வேலுமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோடாலியை ஓங்கினான். “காய்க்காத மரம் எனக்கெதுக்கு? இன்னைக்கு இத அடுப்புக்கு வெக்காம உடமாட்டேன்.”

சௌந்திரம் ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள். “உட்ருங்க. அடுத்த வருசம் காய்க்கும். நான் பொறுப்பு.”

“சிரிச்சுட்டே சொல்ற. மரம் எப்படி நம்பும்?”

“நீங்க மொதல்ல மொறைச்சுட்டு ஓங்குங்க. கோடாலிய மொறத்தப் புடிக்கிற மாதிரி புடிச்சிருக்கறீங்க.”

மறுபடி செய்தார்கள். மறுபடியும் சிரித்துவிட்டாள். இருந்தாலும் அந்த வருசம் முருங்கை கிளை ஒடிகிற மாதிரி காய்த்தது. ஊருக்கே கொடுத்தார்கள்.

எலுமிச்சை மட்டும் ஏழு வருசமாக இலையாகவே நின்றது. அதற்கும் ஒருமுறை கோடாலி காட்டலாம் என்று சௌந்திரம் சொன்னபோது வேலுமணி மாட்டேன் என்றான். “நீ வந்த வருசம் வெச்சது. அதப் பாத்து ஓங்க எனக்கு மனசு வராது.” அந்த வார்த்தையை அவள் பல நாள் மனதில் வைத்துக்கொண்டு வளைய வந்தாள்.

குழந்தை இல்லை. சேலத்தில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, உனக்கு ஒரு குறையும் இல்லை, அடுத்த தடவை வீட்டுக்காரரையும் உள்ளே கூட்டிக்கொண்டு வா என்றார். வேலுமணி வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “அப்பறம் பாத்துக்கலாம் அம்மிணி” என்றான். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. அவளும் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனைத் தலைகுனிய வைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள்.

எழுபத்தொன்பதாம் வருசம் ஆவணியில் வேலுமணியின் தாய்மாமன் சின்னுசாமி வந்து உட்கார்ந்தார். பெண் பார்த்தாகிவிட்டது. திருச்செங்கோட்டுப் பக்கம், ஆத்தாயி என்று பெயர், பத்தொன்பது வயது. காளியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள். அவள் கெட்டவள் அல்ல. சௌந்திரத்துக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவள்.

“உன்னயப் போவச் சொல்லல சாமி. நீ மூத்தவளா இருந்துக்க. நீ இல்லாட்டி இந்த ஊடு ஏது? நாளைக்கு ஒண்ணு பொறந்தாலும் அது உன்ற மடியிலதான் வளரும்.”

சௌந்திரம் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு வேலுமணியைப் பார்த்தாள். அவன் கட்டில் கயிற்றில் பிரிந்திருந்த ஒரு புரியைத் திரித்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. வேண்டாம் என்றால் போதும். இப்போது வேண்டாம் என்றாலும் போதும். அவன் புரியைத் திரித்து முடித்துவிட்டு, “எல்லாருமாச் சேந்து சொல்றப்ப நான் என்னத்தச் சொல்றது” என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள்தான் அவள் கொடிகளைச் சோளத்தட்டில் சுற்றிவிட்டுக் கிளம்பியது. கல்யாணம் தையில். நாள் குறிக்கவில்லை. தை வர நாலு மாசம் இருந்தது. நாலு மாசத்தில் ஒரு மனுசன் ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாதா என்ன?

புரட்டாசியில் முதல் சந்தை நாளன்று வேலுமணி வந்தான். சைக்கிளை வாசலில் நிறுத்தும் சத்தம் தறிச் சத்தத்தையும் மீறி அவளுக்குக் கேட்டது. கையில் இருந்த கஞ்சி டம்ளரை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். தாளுக்குள் மிளகாய் இலை ஒன்று, ஓரம் சுருண்டு படகு மாதிரி இருந்தது.

“இப்படிச் சுருட்டிக்குது. எல்லாச் செடியிலயும். என்ன பண்றதுன்னு தெரியல.”

சௌந்திரம் இலையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “மோர் ஊத்தறீங்களா?”

“மோர் எங்க மிஞ்சுது? நான்தான் குடிச்சர்றேன்.”

“ரெண்டு நாள் குடிக்காம வெய்யுங்க. நல்லாப் புளிச்சதும் தண்ணி கலந்து தெளியுங்க. வெயில்ல தெளிக்காதீங்க.”

“செரி.”

“தண்ணி பாயுதுங்களா?”

“அம்மா ஒருத்திதான பாத்திரம் கழுவுறா. வாழையோட நின்னுக்குது. கெணத்துல இருந்து குடத்துல மொண்டு ஊத்தறேன்.”

அவன் குடம் சுமக்கிற காட்சி அவளுக்குத் தெரிந்தது. இடது தோளில்தான் வைப்பான். தரையைப் பார்த்துக்கொண்டு, “தோளு வலிக்குமே” என்றாள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

சென்னிமலை தறியை நிறுத்திவிட்டு வந்தான். வரும்போதே, “என்ன மாப்பிள்ளை, பயிர் டாக்டரப் பாக்க வந்தீங்களாக்கும்?” என்றான்.

வேலுமணி எழுந்து நின்றான். “இல்லீங்க மச்சான். மொளகா சுருண்டுக்குச்சு.”

“மொளகா மட்டுமா?”

காபியைப் பாதியில் வைத்துவிட்டு வேலுமணி கிளம்பினான். சைக்கிளில் ஏறும் முன் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். “புண்ணாக்கு எட்டு நாளைக்கு ஒருக்காவா, பத்து நாளைக்கு ஒருக்காவா?” என்றான்.

“எட்டு” என்றாள் சௌந்திரம்.

அன்றைக்குக் கண்ணாத்தாள் மறுபடியும் பின்கதவு மண்ணைப் பற்றிப் பேசினாள். ஒரு கீரையாவது தூவலாம் என்றாள். “இருக்கட்டுமுங்க நங்கை” என்றாள் சௌந்திரம். “அவரு வந்துட்டுப் போறாருல்ல. எப்படிப் பேச்ச ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நிக்கறாரு. அடுத்த சந்தைக்குள்ள பேசிருவாரு.”

அடுத்த சந்தைக்கும் வந்தான். அதற்கடுத்த சந்தைக்கும் வந்தான். கத்தரியில் புழு என்றான். வாழை குலை தள்ளியது, குலைக்கு முட்டு எந்தப் பக்கம் கொடுப்பது என்றான். நாலு ஏக்கர் விவசாயம் பார்க்கிறவனுக்கு வாழைக்கு முட்டுக் கொடுக்கத் தெரியாதா என்று கண்ணாத்தாள் சமையலறையில் முணுமுணுத்தாள். சௌந்திரத்துக்கும் அது தெரியும். தெரிந்தும் அவள் ஒவ்வொரு கேள்விக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். பதில் நீளமாக இருந்தால் அவன் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு வந்தபோது அவன் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. “அவரையப் பாக்கோணுமே அம்மிணி. பந்தலே தெரியல. இலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். அப்படிக் கருகருன்னு. போற வர்றவங்கெல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாங்க.”

“பூ வெச்சிருச்சுங்களா?”

“பூவு இன்னுமில்ல.”

“ஐப்பசி பாதியாச்சே. என்ன போட்டீங்க அதுக்கு?”

அவன் தயங்கினான். “நீ போனதுக்கப்பறம் வாடுனாப்பல தெரிஞ்சுது. கரும்புக்கு வாங்குன யூரியா இருந்துச்சு. குழிக்கு ஒரு கை போட்டேன்.”

“ஒரு கை போட்டா இப்படி ஆகாதுங்களே.”

“வாரம் ஒரு கை.”

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. அவனும் சிரித்தான். முருங்கை மரத்தடியில் நின்ற அன்றைய சிரிப்பு அது. பிறகு அவளுடைய சிரிப்பு எந்த இடத்தில் வேறாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணீர் கொட்டியது. அவன் பதறிப்போய் எழுந்தான்.

“அம்மிணி, நான் தெரியாமப் பண்ணிட்டேன். அது வாடக் கூடாதுன்னுதான் போட்டேன். நீ வெச்சதுன்னு.”

“தெரியுமுங்க” என்றாள் அவள். “கரும்புக்குப் போடறத அவரைக்குப் போட்டா அது தின்னுட்டுத் தின்னுட்டு இலையாத்தான் போகும். அதுக்குக் கொஞ்சம் குறைவா இருக்கோணும். இனி ஒண்ணும் போடாதீங்க. தண்ணியையும் நிறுத்துங்க. மத்தியானத்துல இலை தொங்குனாலும் உட்ருங்க. நுனிய மட்டும் கிள்ளி உடுங்க.”

“செத்துப் போயிராதா?”

“போகாது. அதுக்கு நீங்க செஞ்சது போதும். கொஞ்ச நாள் சும்மா உடுங்க.”

அவன் தலையாட்டினான். தறி ஓடாத நேரம். உள்ளே சுவர்க் கடிகாரம் அடிப்பது கேட்டது. இப்போது சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் உதடு அசைந்தது.

“எல்லாக் குழியிலயும் கிள்ளோணுமா?” என்றான்.

கார்த்திகையில் அவரை பூத்தது. வெள்ளையில் ஊதா கலந்த பூங்கொத்து ஒன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தான். சௌந்திரம் அதை வாங்கி முகர்ந்துவிட்டு மாடத்தில் வைத்தாள். அவனுக்கு இலை போட்டுச் சோறு வைத்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

“அம்மா எலுமிச்சைய வெட்டச் சொல்றா” என்றான்.

“எதுக்குங்க?”

“காய்க்காத மரம் எதுக்குங்கறா. அந்த எடம் ஆகும்ங்கறா.”

“எதுக்கு ஆகும்?”

அவன் இலையைப் பார்த்தான். “பந்தலுக்கு.”

அவரைக்கு ஏற்கெனவே பந்தல் இருக்கிறதே என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். பிறகு புரிந்தது. வாழை மரம் கட்டி, தென்னங்கீற்று போட்டு, வாடகை நாற்காலி அடுக்குகிற பந்தல். கல்யாண வீட்டுப் பந்தல்.

“நாள் குறிச்சாச்சுங்களா?”

“தை பதினாலு.”

சாதத்தில் ரசம் ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். அதைப் பிற்பாடு நினைத்துப் பார்த்து அவளே ஆச்சரியப்பட்டாள்.

“நீ என்ன சொல்ற?” என்றான் வேலுமணி.

“எதுக்கு?”

“மரத்துக்கு.”

சௌந்திரம் ரசச் சட்டியைக் கீழே வைத்தாள். அவனுக்கு எதிரே, சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. முன் அறையில் தறியை ஓட்டக் கிளம்பிய சென்னிமலைக்குக்கூட அது கேட்டிருக்காது.

“முருங்கைக்குப் பண்ணுனது ஞாபகம் இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“அத்தை கோடாலி எடுக்கட்டும். நீங்க குறுக்க நில்லுங்க. நின்னு, உட்ருங்க, அடுத்த வருசம் காய்க்கும், நான் பொறுப்புன்னு சொல்லுங்க.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஆவணிக்குப் பிறகு முதன்முறையாக அவள் கண்ணை நேராகப் பார்த்தான்.

“அதுக்காச்சும் சொல்லுங்க” என்றாள் சௌந்திரம்.

அவன் சாப்பிடாமலே இலையை மடித்தான். போகும்போது கேள்வி எதுவும் கேட்கவில்லை. சைக்கிளைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே போய், தெருக்கோடியில் ஏறினான். கண்ணாத்தாள் அவளருகில் வந்து நின்றாள். “அவரைக்கு வைத்தியம் கேக்க எடப்பாடி வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறாரு. பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறதுக்குக் காலு வரமாட்டேங்குது. என்ன மனுசனோ.”

“இன்னைக்கு அவருக்கு உறைச்சிருக்குது நங்கை” என்றாள் சௌந்திரம். “மூஞ்சியப் பாத்தேன்.”

மார்கழி முழுக்க அவன் வரவில்லை. வராததை அவள் நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். வீட்டில் பேசிக்கொண்டிருப்பான். அம்மாவிடம் பேசுவது லேசா? தாய்மாமனிடம் பேச வேண்டும், பெண் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அவர்கள் சும்மா விடுவார்களா? காலையில் வாசல் தெளிக்கும்போது தெருக்கோடியைப் பார்ப்பாள். சைக்கிள் மணி கேட்டால் கோலம் கோணும். தகரப் பெட்டியில் இருந்த நாலு புடவையையும் ஒரு நாள் எடுத்து உதறி, மறுபடி மடித்து வைத்தாள். நங்கை பார்த்தும் பார்க்காதவள் மாதிரி போனாள்.

தை பிறந்து பொங்கல் போன ஆறாம் நாள் அவன் வந்தான். சைக்கிளின் பின்னால் ஒரு சாக்குப்பை கட்டியிருந்தது. இளைத்திருந்தான். முகம் மட்டும் தெளிவாக இருந்தது. ஏதோ பெரிய காரியத்தைச் செய்து முடித்தவனுடைய முகம். சௌந்திரம் உள்ளே வரச் சொல்லக்கூடத் தோன்றாமல் கதவருகிலேயே நின்றாள்.

“சொல்லிட்டேன் அம்மிணி” என்றான்.

“என்னன்னு?”

“அம்மா ஆள வெச்சு வெட்டறதுக்குக் கோடாலியோட வந்துட்டா. மாமனும் நின்னுட்டிருந்தாரு. நான் குறுக்க போய் மரத்தக் கட்டிப் புடிச்சுட்டேன். உட்ருங்க, அடுத்த வருசம் காய்க்கும், நான் பொறுப்புன்னு சொன்னேன். சிரிச்சாங்க எல்லாரும். நான் நகரல. வெட்டுனா என்னயும் சேத்து வெட்டுங்கன்னுட்டேன். அப்பிடியெல்லாம் நான் பேசி நீ பாத்திருக்க மாட்ட.”

“பாத்ததில்லீங்க” என்றாள் அவள். “அப்பறம்?”

“அம்மா அழுதுட்டு, செரி போ, இருந்துட்டுப் போகட்டும்னுட்டா.”

“அப்பறம்?”

“மரம் இருக்குது.”

அவள் காத்திருந்தாள். அவனும் ஏதோ நல்ல வார்த்தையை எதிர்பார்ப்பவன் மாதிரி நின்றான். தெருவில் தறிக்குப் பாவு ஓட்டுகிறவர்கள் நூலை நீட்டிக்கொண்டு போனார்கள்.

“பந்தல்?” என்று கேட்டாள்.

வேலுமணியின் முகத்திலிருந்த தெளிவு மெதுவாக வடிந்தது. “பந்தல வடக்குப் பக்கமா, களத்துல நட்டிருக்காங்க” என்றான். “அங்க எடம் தாராளமா இருக்குது.”

சௌந்திரம் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆவணியில் பிடித்ததும் ஒரு கதவுச் சட்டம்தான். பிறகு, “வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வாங்க” என்றாள்.

சாக்குப்பை நிறைய அவரைக்காய். பிஞ்சும் முற்றலுமாக, விரல் நீளத்தில், ஓரம் ஊதா ஓடி. தரையில் கொட்டியதும் அந்த வாசம் அறை முழுக்க வந்தது.

“உனக்குன்னுதான் கொண்டாந்தேன். ஒண்ணு உடாமப் பறிச்சுட்டேன்” என்றான்.

“வெதைக்கு உடலீங்களா? அடியில மொத வெச்ச கொத்தப் பறிக்கவே மாட்டேனே நான்.”

அவன் விழித்தான். அது அவனுக்குத் தெரியாது. முதல் கொத்துகளைக் கொடியிலேயே நெற்றாக விடுவது, அந்த நெற்றுதான் மறுவருசத்து விதை என்பது, அந்த விதை அவள் அம்மா வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது என்பது. ஏழு வருசமும் பந்தலுக்கு அடியில் காய்ந்து தொங்கியதை மறந்துபோய் விட்ட காய் என்று நினைத்திருந்தான்.

“போச்சாது உடுங்க” என்றாள். “மாசி வரைக்கும் கொடி காய்க்கும். இனி வர்றதுல நாலு கொத்து உடச் சொல்லுங்க.”

“யார?”

“ஆத்தாயிய.” அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. “சின்னப் புள்ள, தெரியாது. சொல்லிக் குடுங்க. சாம்பல் தூவறது பனி இருக்கறப்ப. புண்ணாக்கு எட்டு நாளைக்கு ஒருக்கா. அவளும் வந்துட்டா பாத்திரம் சேரும், தண்ணி மொளகா வரைக்கும் பாயும். நீங்க குடம் சுமக்க வேண்டியதில்ல. யூரியா மூட்டைய அவ கண்ணுல படாம வெய்யுங்க.”

அவன் சிரிக்கவில்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தான். “அந்தப் பொடக்காலி, செடிகொடி எல்லாம் உன்றதுதான் அம்மிணி. நீ எப்ப வந்தாலும்…”

“மதியம் ஆகப்போகுதுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க” என்றாள்.

அவன் எழுந்தான். வாசலில் சென்னிமலை நின்றிருந்தான். கிண்டல் எதுவும் செய்யவில்லை. ஒதுங்கி வழிவிட்டான்.

அன்றைக்கு அவரைக்காய்ப் பொரியல். சௌந்திரம்தான் நறுக்கினாள், நார் எடுத்து, ஒவ்வொன்றாக. தேங்காய் துருவிப் போட்டுத் தாளித்தாள். சென்னிமலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். காய் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, தண்ணீர் குடித்தான். சௌந்திரம் தன் தட்டில் கொஞ்சம் வைத்தாள். வாயருகே கொண்டுபோனாள். பிறகு தட்டோடு எழுந்துவிட்டாள்.

பாத்திரமெல்லாம் எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு வந்து கழுவ உட்கார்ந்தாள். தண்ணீர் மதிலை ஒட்டி ஓடிச் சாக்கடையில் விழுந்தது. ஐந்து மாசமாக அது அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கழுவி முடித்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தாள்.

“நங்கை, மம்முட்டி எங்க இருக்குது?”

கண்ணாத்தாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. தறிக்கூடத்து மூலையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, கதவில் சாய்ந்து நின்றாள்.

மண் இறுகிக் கிடந்தது. முதல் நாலு வெட்டுக்குத் தீப்பொறி வராத குறை. வெட்ட வெட்ட நூல் சுற்றும் தார்க்குச்சித் துண்டுகளும், கழிவு நூலும், தறியில் கழற்றிப் போட்ட ஆணியும் வந்தன. அவற்றையெல்லாம் பொறுக்கி மதிலோரம் போட்டாள். கட்டிகளை உடைத்தாள். சாக்கடைப் பக்கம் ஒரு கரை போட்டுத் தண்ணீரை மறித்து, பாத்திக்குள் வாய் வெட்டிவிட்டாள். அழுதுகொண்டேதான் வெட்டினாள். கண்ணாத்தாள் அதைத் தடுக்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கழுவுகிற இடத்தில் ஊற்றினாள். அது வந்து, புது வாயில் கொஞ்சம் தேங்கி நின்று, பிறகு உள்ளே போனது.

“என்ன போடப் போற?” என்று கேட்டாள் நங்கை.

“இப்பக் கீரை தூவலாமுங்க. இருவது, இருவத்தஞ்சு நாள்ல பறிச்சர்லாம்.”

“அப்பறம்?”

“ஆடியில அவரை.”

“வெதைக்கு அவருகிட்டச் சொல்லி உட்டியே, நாலு கொத்து. கொண்டாரச் சொல்லட்டுமா?”

சௌந்திரம் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் வழித்தாள்.

“வேண்டாமுங்க நங்கை” என்றாள். “சந்தையில வாங்கிக்கலாம்.”